ஈ.ஏ. கிரிக்கெட் 07: செத்தும் சாகாத ஒரு கேம்

அமெரிக்காக்காரனுக்கு பேஸ்பால் கேம்னா வருஷா வருஷம் புதுசு. 2006-ல் ஆரம்பித்த 'எம்.எல்.பி. தி ஷோ' இன்றுவரை ஒரு வருஷம் கூட தப்பாமல் வந்துகொண்டிருக்கிறது. அதே 2006 நவம்பரில்தான் நம்ம 'கிரிக்கெட் 07' வந்தது. அதோடு ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட்டுக்கு கும்பிடு போட்டுவிட்டது. கிரிக்கெட் 08 வரவே இல்லை.

அதைச் செய்தவர்கள் யார் தெரியுமா? கனடாவில் லூனென்பர்க் என்கிற கடலோர ஊரில் இருந்த எச்.பி. ஸ்டுடியோஸ். கிரிக்கெட்டே தெரியாத நாட்டிலிருந்து ராஜபாளையத்துப் பசங்களுக்கு ஒரு கேம்! உரிமம் முழுசாக இருந்தது ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும்தான். இந்திய அணியில் சச்சின் பேரே சரியாக இருக்காது. கடுப்பாகாமல் என்ன செய்யும்?

மறு வருஷமே, 2007 மார்ச்சில், கோட்மாஸ்டர்ஸ் தன் பிரையன் லாரா கேமை இந்தியாவில் 'யுவராஜ் சிங் இன்டர்நேஷனல் கிரிக்கெட் 2007' என்று பேர் மாற்றி இறக்கியது. அதே மாதம் நிஜ உலகக்கோப்பையில் நாம் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். நேரம் அப்படி :-)

ஆனால் ஜெயித்தது 07 தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதா கம்ப்யூட்டரிலும் ஓடும். அதைவிடப் பெரிய காரணம் பேட்ச். பிளானட் கிரிக்கெட் தளத்து ரசிகர்கள் பேரைத் திருத்தினார்கள், ஜெர்சி மாற்றினார்கள், மைதானம் கட்டினார்கள். 2008-ல் ஐ.பி.எல். வந்ததும் மஞ்சள் சட்டையோடு சென்னை அணியும் உள்ளே வந்துவிட்டது. கம்பெனி கைவிட்ட கேமை சம்பளமே வாங்காதவர்கள் வளர்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தன் ராத்திரி முழுக்க டவுன்லோடு போட்டால், மறுநாள் அது பென் டிரைவில் பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிடும். கேம் வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள்கூட பிறகு அதை ஆடியது இப்படித்தான்.

வர்ணனை மட்டும் மாறவில்லை. ரிச்சி பெனோ 2015 ஏப்ரலில் காலமானார். கேமுக்குள் தோனி அடிக்கும் சிக்ஸருக்கு இன்னமும் அவர் குரல்தான்.

நடுவில் 'ஆஷஸ் கிரிக்கெட் 2013' என்று ஒன்று வந்தது. அத்தனை ஓட்டை, சில நாளிலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 2014-ல் மெல்போர்ன் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் செய்த 'டான் பிராட்மேன் கிரிக்கெட் 14' நிஜமாகவே நல்ல கேம், ஆனால் நம்ம பழைய டப்பா சிஸ்டம் தாங்காது. 2015-ல் சென்னை நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 2' வந்தபிறகு பசங்க மொபைலுக்குப் போய்விட்டார்கள். தமிழ்நாட்டில் செய்த கேம், அதில் எனக்குப் பெருமைதான்.

வருத்தம் வேறு. அந்த பேட்சுகளில் நிறைய ராபிட்ஷேர், மெகாஅப்லோடு மாதிரி தளங்களில் இருந்தன. மெகாஅப்லோடு 2012 ஜனவரியில் முடக்கப்பட்டது, ராபிட்ஷேர் 2015 மார்ச்சில் மூடப்பட்டது. பழைய லிங்க் எதை அமுக்கினாலும் வெறும் பக்கம்தான். செய்தவர்களின் நிஜப் பேரும் தெரியாது, புனைபெயர் மட்டும்தான் மிச்சம். கேமை எந்தக் கம்பெனி செய்தது என்று யாரும் எழுதிவிடலாம். பேட்ச் போட்டவனின் கதையை எங்கே போய்த் தேடுவது?

மக்களே, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கில் 2008, 2009 ஐ.பி.எல். பேட்ச் இருந்தால் தயவுசெய்து ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள். காபி எடுக்க நானே வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ என் செலவு.