நோன்போடு பந்து விளையாடும் கால்களுக்கு சக்தி எங்கிருந்து வருகிறது?

ரமழானில் அசர் தொழுகை முடிந்ததும் எங்கள் இறக்காமத்து இளைஞர்கள் உதைபந்து விளையாடப் போவது வழமை. "சஹரில் சாப்பிட்டது எப்போதோ செமித்திருக்குமே, இவர்களுக்கு ஓடச் சக்தி எங்கிருந்து வருகிறது?" என்று பெரியவர்கள் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான்.

தசை சுருங்குவதற்கு நேரடியாகப் பயன்படுவது ஏ.ரி.பி. என்ற மூலக்கூறு. தசையில் இருப்பது சில விநாடிகளுக்கே போதும். அதனால் உடல் அதனை மூன்று வழிகளில் மீண்டும் மீண்டும் உருவாக்குகிறது.

முதலாவது வழி: தசையிலுள்ள கிரியற்றீன் பொசுபேற்று. மிக வேகமானது, முழுவேகத்தில் ஓடினால் சுமார் 10 விநாடிகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது வழி: தசையில் சேமித்துள்ள கிளைக்கோஜனை ஒட்சிசன் இல்லாமல் உடைப்பது. ஒரு குளுக்கோசிலிருந்து மிஞ்சுவது 2 ஏ.ரி.பி. மட்டுமே. 2022 இல் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 விநாடிகளில் ஓடியது பெரும்பாலும் இந்த இரு வழிகளின் பலத்தில்தான். இதில் உருவாகும் லக்ரிக் அமிலம்தான் மறுநாள் கால் நோவுக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓய்வெடுத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் அகன்றுவிடும். நோவு, பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது.

மூன்றாவது வழி: ஒட்சிசனைக் கொண்டு குளுக்கோசையும் கொழுப்பையும் எரிப்பது. மெதுவானது, ஆனால் அதே ஒரு குளுக்கோசிலிருந்து சுமார் 30 ஏ.ரி.பி. கிடைக்கும். நாள் முழுதும் வயலில் நிற்பவரைத் தாங்குவது இதுவே.

இனி நோன்புக்கு வருவோம். இரத்தத்துக்குச் சீனி வழங்கும் ஈரலின் சேமிப்பு சுமார் 100 கிராம்தான். பகலில் அது குறைந்துகொண்டே போகும். தசையிலோ சுமார் 400 கிராம் இருக்கும். அதைத் தசை இரத்தத்துக்குக் கொடுக்காது, தன் வேலைக்கே வைத்துக்கொள்ளும். கொழுப்போ தாராளமாக உண்டு. ஆகவே மாலையிலும் கால்கள் ஓடும்.

முதலில் தட்டுப்படுவது தண்ணீர். வியர்வையில் இழந்ததை மஃரிப் வரை ஈடுசெய்ய முடியாது. இரத்தத்தின் அளவு குறைந்து, இதயம் வேகமாக அடித்து, உடற்சூடு ஏறும். கால் ஓடுகிறது என்பதற்காக உடல் நலமாக இருக்கிறது என்று எண்ணக்கூடாது.

எனவே நோன்பு திறப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தில் இலேசாக விளையாடுங்கள். கடும் போட்டிகளைத் தராவீஹுக்குப் பிறகு வையுங்கள். தலைசுற்றல், நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே நிறுத்தி நோன்பை விட்டுவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, பின்னர் கழாச் செய்யலாம். இன்சுலின் போடுபவர்கள் ரமழானுக்கு முன்பே வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.