கரண்டியும் மெழுகுவத்தியும்: சிறுநீரக நோயைக் கண்டறிந்த கதை

காலையில் ஒரு பிள்ளை கண் இமை வீங்கி வகுப்புக்கு வந்தால், "நேத்து சரியா தூங்கலையா?" என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவோம். அந்த வீக்கத்துக்குச் சிறுநீரகமும் காரணமாகலாம். இதை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்து சுமார் 200 ஆண்டுகள்தான் ஆகின்றன.

அதற்கு முன்பு, உடம்பில் நீர் கோத்து வீங்குவதையே ஒரு தனி நோயாக எண்ணினார்கள். 1827இல் இலண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். சோதனை மிக எளிது. நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் சூடாக்க வேண்டும். சிலருடைய சிறுநீர் வெள்ளையாகக் கட்டியது. முட்டை வேகும்போது வெள்ளைக்கரு கட்டியாகுதே, அதே மாதிரிதான்! காரணம், அல்புமின் என்னும் புரதம். அத்தகையோர் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது, சிறுநீரகங்கள் பழுதாகியிருந்தன.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. அவை இரத்தத்தை வடிகட்டி, யூரியாவையும் மிகையான நீரையும் உப்பையும் வெளியேற்றும்; புரதத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும். வடிகட்டி பழுதானால் புரதம் சிறுநீரில் கசியும். இரத்தத்தில் அல்புமின் குறைந்ததும் நீர் திசுக்களில் தேங்கும். முகம், கால், வயிறு வீங்கும். சிறுபிள்ளைகளுக்கு வரும் இந்நிலைக்கு நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்று பெயர்.

காரணம் தெரிந்தும் நூறாண்டுக்கு மேல் சரியான மருந்து கிடைக்கவில்லை. கிருமியை எதிர்க்கும் புரதங்களும் சிறுநீரோடு போய்விடுவதால், பல பிள்ளைகள் கிருமித்தொற்றால் இறந்தார்கள். 1940களில் பெனிசிலினும் 1950களில் ஸ்டீராய்டு மருந்துகளும் வந்த பிறகே நிலைமை மாறியது. இன்று பெரும்பாலான பிள்ளைகள் ஸ்டீராய்டில் தேறிவிடுகிறார்கள். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வருவதுண்டு.

ஆசிரியர்களே, இரண்டு விஷயம். பிள்ளையின் முகம் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் அதிகமாக நுரைக்கிறது என்று சொன்னாலோ, பெற்றோரிடம் உடனே தெரிவியுங்கள். கிளினிக்கில் ஒரு சோதனைத் தாளை நனைத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இப்போது மெழுகுவத்தி வேண்டாம். அடுத்து, ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குக் கன்னம் உப்பும். சிகிச்சைக்குப் பின் பள்ளி திரும்பும் அந்தப் பிள்ளையை யாரும் "குண்டு" என்று கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.