ஏடிஎச்டி உள்ள பிள்ளையும் அரச பாடசாலையும்: விடுகைப் பத்திரம் கேட்க முன்னர்

பெரும்பாலும் தரம் ஒன்றில் அல்லது இரண்டில் தொடங்கும். பிள்ளை கதிரையில் இருப்பதில்லை, பக்கத்துப் பிள்ளையுடன் சண்டை, கொப்பி எழுதி முடிப்பதில்லை என்று வகுப்பாசிரியை முறையிடுவார். தரம் மூன்றுக்கு வரும்போது, "வேறொரு பாடசாலை பார்த்துக்கொண்டால் நல்லம்" என்ற வார்த்தை வந்துவிடும். அது வாய்வார்த்தையாக மட்டுமே வரும், எழுத்தில் வராது. வெட்கம் தாங்காத உம்மா, வாப்பாமார் விடுகைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்துவிடுகிறார்கள். அவசரப்பட்டு அதைச் செய்ய வேண்டாம். பெற்றோர் கேட்டு விலகியதாகவே அது பதிவாகும். பாடசாலைதான் விலக்கியது என்று பிறகு நிரூபிப்பது கடினம்.

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்னர் 14 வயதாக இருந்த எல்லை 2016இல் உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணமாகக் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. அச்சட்டம் ஏடிஎச்டியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பேச்சைத் தொடங்குவதற்கு இவை இரண்டும் போதுமானவை. சர்வதேசப் பாடசாலைகளில் பெற்றோர் பணம் கொடுத்து வைப்பது போன்ற தனி உதவியாளரை அரச பாடசாலையில் எதிர்பார்க்க முடியாது. 35, 40 பிள்ளைகளுடன் தனியாக நிற்கும் ஆசிரியையிடம் எது நடைமுறைச் சாத்தியமோ அதைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் வைத்தியர். பார்வை, செவிப்புலன், தூக்கம் ஆகியவற்றில் கோளாறு இருந்தாலும் பிள்ளை இப்படித்தான் நடக்கும். ஆகவே குடும்ப நல உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் அல்லது அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்கில் தொடங்கி, அங்கிருந்து கடிதம் பெற்று உளநலப் பிரிவுக்குச் செல்லலாம். கொழும்பில் சீமாட்டி ரிஜ்வே வைத்தியசாலையும் ராகமையில் அயதி நிலையமும் இருக்கின்றன. ஒரு தடவை பார்த்தவுடன் ஏடிஎச்டி என்று முடிவு செய்ய முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதங்கள் நீடித்திருக்க வேண்டும், வீடு, பாடசாலை போல் இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பாடசாலையில் மட்டும் குழப்படி என்றால் வாசிப்புச் சிரமமோ சக பிள்ளைகளின் தொல்லையோ காரணமாகலாம். அதனால் வகுப்பாசிரியையிடம் அரைப் பக்க எழுத்துக் குறிப்பொன்றைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். எந்தப் பாடவேளையில், என்ன வேலை கொடுத்தபோது பிரச்சினை வந்தது என்று அதில் இருந்தால் வைத்தியருக்குப் பெரிய உதவி. (குழப்படி செய்யாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைக்கும் இதே குறைபாடு இருக்கலாம். "அமைதியான பிள்ளை" என்ற பாராட்டிலேயே அவருடைய ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.)

கிளினிக்கில் பெறும் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் மட்டும் இருந்தால் தமிழ் மொழிமூலப் பாடசாலையில் அது கோப்புக்குள் போய்விடும். வகுப்பறையில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதித் தருமாறு வைத்தியரிடம் கேளுங்கள். முன் வரிசையில், வாசலுக்கும் யன்னலுக்கும் தூரமாக இருக்கை. ஒரே நேரத்தில் ஒரு கட்டளை. பத்துக் கணக்குக்குப் பதிலாக ஐந்து, ஒரு சின்ன இடைவேளை, பின்னர் மற்ற ஐந்து. கரும்பலகை அழிக்க, கொப்பிகளை ஒப்பீஸுக்குக் கொண்டுபோக அனுப்பி, எழும்பி நடக்க ஒரு நியாயமான காரணம். வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையில் தினமும் ஒரு வரி எழுதும் சிறு கொப்பி. அதில் நல்லதும் எழுதப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. தமிழில் ஒரு பக்கமாக எழுதி, வைத்தியர் கடிதத்தின் பிரதியுடன் அதிபரிடம் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள்.

அதிபர் அசையவில்லை என்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரைச் சந்தியுங்கள். அங்கே பெற்றோரின் கண்ணீரை விட அந்தத் திகதியிட்ட பிரதிக்குத்தான் பெறுமதி அதிகம். சில வேளை "விசேட கல்விப் பிரிவில் சேர்த்துவிடலாம்" என்பார்கள். அப்பிரிவுகளில் அர்ப்பணிப்பான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் கற்கும் ஆற்றல் சாதாரணமாக உள்ள ஏடிஎச்டி பிள்ளைக்குப் பொருத்தமான இடம் பொதுவாகச் சாதாரண வகுப்புத்தான். எத்தனை பாடவேளைகள், என்ன நோக்கம், எப்போது மீளாய்வு என்று எழுத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அடி பற்றியும் பேச வேண்டும். உடல் தண்டனையைத் தடுக்கும் 2005/17 மற்றும் 12/2016 இலக்கச் சுற்றுநிருபங்கள் இருக்கின்றன. மாணவர் ஒருவரை ஆசிரியர் அறைந்த வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறுவதாக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஏடிஎச்டி பிள்ளை அடிக்குப் பயந்து ஐந்து நிமிடம் அடங்கும், பிறகு மறந்துவிடும். திமிரினால் அல்ல, நின்று யோசிக்கும் ஆற்றல் பிந்தி வளர்வதால். பின்னேர குர்ஆன் மத்ரஸாவிலும் இதே கதைதான். வைத்தியர் கடிதத்தின் ஒரு பிரதியை அங்குள்ள மௌலவியிடமும் கொடுங்கள். "ஹஸரத்துக்குத் தெரியும்" என்று விட்டுவிடாதீர்கள். முறையிட வேண்டிய நிலை வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

மருந்து என்றால் எமது வீடுகளில் அச்சம் அதிகம். மெத்தில்பெனிடேட் எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது. தேவைப்படுவோருக்கு நன்கு உதவும். சாதாரண வகை மாத்திரை ஏறத்தாழ நான்கு மணித்தியாலமே வேலை செய்யும். காலை ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினொரு மணிக்குப் பிறகு குறையும். கடைசிப் பாடவேளைகளில் குழப்படி கூடுவதாக ஆசிரியை சொன்னால் அந்தத் தகவல் கிளினிக்குக்குப் போக வேண்டும். பசி குறைவது வழமையான பக்கவிளைவு. ஆகவே காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை. நோன்பு பிடிக்க ஆசைப்படும் பிள்ளையின் மருந்து நேரத்தை ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் பேசிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். முஸ்லிம் பாடசாலைகள் ரமழான் விடுமுறை முடிந்து திறக்கும்போது தூக்க நேரம் குழம்பியிருக்கும். அந்த முதல் வாரத்தை வைத்து யாரும் பிள்ளையை அளக்கக் கூடாது என்று வகுப்பாசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம் என்று பொதுப் பரீட்சை நெருங்கும்போதும் இந்தக் கோப்பு தேவைப்படும். விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வைத்திய அறிக்கைகளுடன் அதிபர் ஊடாகவே பரீட்சைத் திணைக்களத்திடம் கோர வேண்டும். விண்ணப்பம் அனுப்பும் வேளையில் கிளினிக் திகதி தேடினால் தாமதமாகிவிடும். முந்திய ஆண்டே புதிய அறிக்கையொன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.