உழவும் நாங்கூழும்

நம் சங்கத்தாரிற் பலர் பட்டுத்தறியை நம்பி வாழ்பவரேயாயினும், காஞ்சியைச் சூழ்ந்த ஏரிப்பாசனக் கிராமங்களிற் கழனியுடைய குடும்பங்களும் நம்முள் உள. ஆதலின் மண்ணுள் வாழும் சிற்றுயிர்களின் செய்தி நமக்குப் புறம்பானதன்று.

ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒருபிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்பது திருவள்ளுவனார் கருத்து. அவர் நூலுக்கு உரைகண்ட பரிமேலழகர் நம் காஞ்சி உலகளந்த பெருமாள் கோயில் அர்ச்சகர் மரபினர் என்பது கர்ணபரம்பரை. இங்ஙனம் காயவிட்டால் நாங்கூழ் மடியாதோ எனின், முற்றும் மடிவதில்லை. கோடையில் அவற்றுட் பல ஈரம் நாடி ஆழச்சென்று, உடலைச் சுருட்டி உறங்கிக் கிடந்து, மழை பெய்தபின் மேலே வரும். மேல்மண்ணிற் கிடக்கும் பயிர்ப்பகைப் பூச்சிகளின் கூடுகளோ வெயிலுக்கும் மைனாவுக்கும் இரையாகும். நாட்டுக் கலப்பை சில அங்குலமே கீறிச் செல்வது. மண்ணைத் தலைகீழாகப் புரட்டுவதன்று. அகல உழுவதிலும் ஆழ உழுதல் நன்று என்னும் பழமொழியின் ஆழமும் அக்கொழுவின் அளவே போலும்!

1865ஆம் வருஷம் சென்னை ஸர்க்கார், அந்நாளில் நம் ஊரும் அடங்கியிருந்த செங்கற்பட்டு ஜில்லாவின் சைதாப்பேட்டையில் பரீக்ஷைப் பண்ணை ஒன்றை ஏற்படுத்தி, மேனாட்டுக் கருவிகளைச் சோதித்தனர். தோளிற் சுமந்து செல்லும் மரக்கலப்பையை நம் குடியானவர் எளிதில் விட்டாரில்லை.

1881ல் டார்வின் பண்டிதர் நாங்கூழைப் பற்றியே ஒரு புஸ்தகம் வெளியிட்டார். இங்கிலாந்திற் பல இடங்களில், ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் அவற்றின் உடல்வழிச் செல்கிறதென்று அவர் கணக்கிட்டனர். பத்தாண்டு கழித்து, 1891ல் வெளிவந்த மனோன்மணீயத்தில், பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்கள் நடராஜன் என்னும் பாத்திரத்தை நாங்கூழ்ப் புழுவை நோக்கியே பேசவைத்தார்கள். அரசரும் அமைச்சரும் உலவும் நாடகத்தில் இப்புழுவுக்கும் இடங்கொடுத்த பெருந்தன்மையே பெருந்தன்மை!

இப்பொழுதோ டிராக்டரில் பூட்டிய ரோட்டவேட்டர் மண்ணைப் பொடியாக அரைக்கின்றது. நாங்கூழ் வெட்டுண்ணும், அதன் வளைகள் தூர்ந்துபோம், எஞ்சியதைப் பின்தொடரும் கொக்கு கொத்தும், தாள் மண்மேற் கிடந்து உணவாதலும் குறையும். உடல் பெரிய பிராணிகளே மிகுதியும் அழியும். கண்ணுக்கெட்டாச் சிற்றுண்ணிகள் விரைவில் மீளும்.

நடவு நெல்லுக்குச் சேறு கலக்காது தீராது. உழவையே விடுக என்று நாம் கூறவில்லை. ஆயினும் தஞ்சைக் குடியானவர், நெல் அறுவடைக்குச் சில நாள் முன்னரே ஈரக் கழனியில் உளுந்தும் பயறும் தூவி, உழாமலே மகசூல் எடுக்கின்றனர். ஏரிக்கீழ் நிலமுடைய நம்மவர், ஒரு வயலிலேனும் இதனைச் செய்துபார்க்கலாம். மழை பெய்தபின் அவ்வயலிலும் அடுத்த வயலிலும் ஓரடிச் சதுரம் வெட்டி, நாங்கூழை எண்ணி நமக்கு எழுதினால், பின்வரும் இதழில் வெளியிடுவோம்.