டவ் நதிக்கரைத் தூண்டில்
இங்கிலாந்தின் டவ் நதிக்கரையில், சார்லஸ் காட்டன் என்னும் கவிஞர் 1674-இல் மீன்பிடிப்பதற்கென்றே ஒரு சிறு கல்மனை எழுப்பி, தம் பெயரின் முதலெழுத்துகளையும் தம்மினும் 37 வயது மூத்த நண்பர் ஐசக் வால்டனுடையவற்றையும் பின்னிப் பிணைத்து வாயிலின்மேல் பொறித்துவைத்தார். வால்டனின் பிரசித்தமான தூண்டில் நூல் 1676-இல் ஐந்தாம் பதிப்புக் கண்டபோது, இறகையும் விலங்கு ரோமத்தையும் முள்ளில் சுற்றிப் பூச்சியெனத் தோற்றுவித்து டிரவுட் மீனை ஈர்க்கும் வித்தையை விஸ்தாரமாக எழுதிச் சேர்த்தவர் காட்டனே. தெளிந்த நீரில் கயிறு மெலிந்திருக்க வேண்டும், பிடிப்பவன் தூர நிற்க வேண்டும் என்ற அவருடைய உபதேசத்துக்கு நிகரானதொன்றை நான் கண்டதில்லை. சக்கரமின்றிக் கோல்நுனியில் கட்டிய அக்காலக் கயிறு குதிரைமயிரால் திரித்தது; முள்ளை நெருங்க நெருங்க இழைகள் குறைந்து, இறுதியில் இரண்டே மயிர் நிற்கும். மரமும் பாசியும் தடுக்காத ஆற்றில், அவ்விரண்டைக்கொண்டு 20 அங்குல டிரவுட்டைப் பிடிக்க இயலாதவன் தூண்டிற்காரன் என்ற பெயருக்கே அருகனல்லன் என்று காட்டன் கண்டிப்பாக விதித்தார்.