விண்மீன் பெயர் தாங்கிய வேந்தர்: திருவிதாங்கூர் அரசர் பெயர்வழக்கில் ‘திருநாள்’

முன்னுரை

பெயர் என்பது ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்தறிவதற்காக இடப்படுவது. ஆயினும் பெரும்பாலான சமுதாயங்களில் பெயர் தனிமனிதனுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. அது குடிக்கும் மரபுக்கும் இறைவனுக்கும் உரியதாகவே வழங்கி வந்துள்ளது. தமிழில் மகன் வயிற்று மகனும் மகள் வயிற்று மகனும் ‘பேரன்’ எனப்படுகின்றனர். ‘பெயரன்’ என்பதே பேரன் என மருவியது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். குடிப்பெயர் மீண்டும் மீண்டும் இடப்படும்போது, அப்பெயரைத் தாங்கும் தனிமனிதனை எவ்வாறு அடையாளம் காண்பது என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்குத் திருவிதாங்கூர் அரச குடும்பம் கண்ட விடை தனித்தன்மை வாய்ந்தது. பிறந்த விண்மீனின் பெயரையே அரசனின் முதற்பெயராக வழங்கியது அது.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இம்மரபின் சுவடுகளை இன்றும் காணலாம். கோட்டை வாயிலைக் கடந்து பத்மநாபசுவாமி கோயிலை நோக்கிச் செல்வோர் குதிரைமாளிகையைக் காண்பர். கூரையின் கீழ் 122 மரக்குதிரைகள் அணிவகுத்து நிற்கும் அம்மாளிகையைக் கட்டுவித்தவர் சுவாதித் திருநாள். அவருக்கு முறைப்படி அமைந்த பெயர் ராம வர்மா. எனினும் அப்பெயரால் அவரை அறிவோர் மிகச் சிலரே. விண்மீன் பெயர் இயற்பெயரை எவ்வாறு வென்றது என்பதையும், அப்பெயருடன் வளர்ந்து வாழ்ந்தோருக்கு அது எதைக் கொடுத்தது, எதை மறைத்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நாள் என்னும் சொல்

‘திருநாள்’ என்னும் சொல் இன்று விழா நாளைக் குறிக்கிறது. ஆனால் ‘நாள்’ என்பதற்கு விண்மீன் என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. சங்க இலக்கியம் விண்மீன்களை நாண்மீன் என்றும் கோள்களைக் கோண்மீன் என்றும் பிரித்து வழங்குகிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் விண்மீன் பெயர்களை ‘நாட்பெயர்’ எனக் கொண்டு அவற்றிற்குப் புணர்ச்சி விதி கூறுகிறது. ஆகவே ‘சுவாதித் திருநாள்’ என்பதற்குச் சுவாதி என்னும் திருவிண்மீனில் பிறந்தவர் என்று பொருள் கொள்ளல் பொருந்தும். மலையாள வழக்கில் நிலைத்துவிட்ட இப்பெயரின் பிற்பகுதி பழந்தமிழ்ப் பொருளைத் தன்னுள் காத்து நிற்கிறது எனலாம்.

அரசன் பிறந்த விண்மீனைப் போற்றுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் இராசராசனுக்குச் சதயமும் முதலாம் இராசேந்திரனுக்குத் திருவாதிரையும் சிறப்பு நாள்களாக அமைந்தன. தஞ்சையில் சதய விழா இன்றும் நடைபெறுகிறது. எனினும் சோழர் மரபில் விண்மீன் விழாவுக்குரிய நாளைக் குறித்ததேயன்றி அரசனுக்குப் பெயராகவில்லை. இராசராசனைச் ‘சதயம்’ என்று எவரும் அழைத்ததில்லை. திருவிதாங்கூரிலோ நாளே பெயராயிற்று. இவ்வேறுபாடு ஆராய்ச்சிக்குரியது.

ஒன்பது அரசர், மூன்று பெயர்

1729ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறியது முதல் 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தது வரையிலான காலப்பகுதியில், அரசியரை நீக்கினால், ஒன்பது அரசர் இருந்தனர். அவர்களுள் மார்த்தாண்ட வர்மா என்னும் பெயரினர் இருவர். பாலராம வர்மா என்னும் பெயரினர் இருவர். ராம வர்மா என்னும் பெயரினர் ஐவர். ஒன்பது அரசருக்கும் மூன்றே பெயர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அவர்தம் விண்மீன்கள் ஒன்பதும் வேறுவேறானவை. அனிழம், கார்த்திகை, அவிட்டம், சுவாதி, உத்திரம், ஆயில்யம், விசாகம், மூலம், சித்திரை என்பன அவை. தமிழில் அனுடம் அல்லது அனுஷம் எனப்படுவதே மலையாளத்தில் அனிழம் ஆகும்.

இதன் இன்றியமையாமையை ஒரே வீட்டில் காணலாம். சுவாதித் திருநாளின் தமக்கை ருக்மிணி பாயின் மக்களான ஆயில்யம் திருநாளும் (ஆட்சி 1860–1880) விசாகம் திருநாளும் (1880–1885) உடன்பிறந்தோர். இருவருக்கும் பெயர் ராம வர்மா. ஒரே பெயருடைய அண்ணனும் தம்பியும் ஒரே அரண்மனையில் வளரும்போது விண்மீன் பெயர் அன்றாடத் தேவையாகிவிடுகிறது. மருமக்கள்தாய முறையில் பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயர் சேர்வதில்லை. தமிழர் வழக்கில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து செய்யும் பணியை அங்கு விண்மீன் செய்தது.

ஐரோப்பிய அரச மரபுகள் இதே சிக்கலை எண்ணால் தீர்த்தன. பிரான்சு நாட்டில் லூயி என்னும் பெயர் பதினெட்டு என்னும் எண் வரை சென்றது. எண் அரசனின் வரிசையைக் காட்டும். அவன் பிறப்பைப் பற்றி எதுவும் கூறாது. திருவிதாங்கூரின் விண்மீன் பெயர் வரிசையைக் காட்டாது. பிறந்த நாழிகையைக் காட்டும். முன்னது ஆட்சியிலிருந்து பிறப்பது. பின்னது தாயின் வயிற்றிலிருந்து பிறப்பது.

எனினும் விண்மீன்கள் இருபத்தேழே. ஆதலின் இம்முறைக்கும் எல்லை உண்டு. 1885 முதல் 1924 வரை ஆண்டவர் மூலம் திருநாள் ராம வர்மா. 2013இல் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மறைந்தபின் குடும்பத் தலைமை ஏற்றவரும் மூலம் திருநாள் ராம வர்மாவே. விண்மீனும் பெயரும் ஒருங்கே மீண்டு வந்துள்ளன. மேலும், உத்திரம், உத்திராடம் என்னும் இரண்டும் ஒலியால் நெருங்கியவை. அவ்விரு நாளினரும் மார்த்தாண்ட வர்மா என்னும் பெயரினரே. எனவே வரலாறு கற்போர் இவற்றை மயங்காமல் காணவேண்டியுள்ளது. ஒரே பெயருடைய அரசரைக் காலத்தால் பிரித்தறியும் பணியில் தமிழறிஞர் பங்கும் உண்டு. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கிய மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூரின் முற்கால அரசர் சிலரைக் கல்வெட்டுச் சான்றுகளால் வரிசைப்படுத்தி 1894இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார்.

பெயருக்கு முன் வந்த பட்டம்

சுவாதித் திருநாள் 1813 ஏப்ரல் 16 அன்று பிறந்தார். அவர் பிறக்குமுன் அரச குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லை. கருவிலேயே அரசுரிமை பெற்றவராதலின் ‘கர்ப்பஸ்ரீமான்’ எனப்பட்டார். பெயர் இடப்படுமுன்னரே பட்டம் வந்து சேர்ந்த பிள்ளை அவர். அவருக்கெனத் தாலாட்டு இயற்றினார் இரயிம்மன் தம்பி. தாய் கௌரி லட்சுமி பாய் 1815இல் மறைந்தபின் சிற்றன்னை கௌரி பார்வதி பாய் அவர் சார்பில் ஆட்சி நடத்தினார். 1829இல், பதினாறாம் வயதில், ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

இளவரசர் சிறுவனாயிருந்தபோது அவரைக் கண்ட கர்னல் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயர், அவர்தம் ஆங்கில, பாரசீகப் பயிற்சியையும் வடிவக் கணித அறிவையும் வியந்து எழுதியுள்ளார். வடிவக் கணிதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் வடமொழிச் சொல்லுக்கும் உள்ள உறவை அச்சிறுவர் எடுத்துரைத்தது வெல்ஷைப் பெரிதும் கவர்ந்தது. சொற்கள் எங்கிருந்து வந்தன என்று வினவும் இயல்பு அவருக்கு இளமையிலேயே இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

முத்திரையில் மறைந்த பெயர்

1750இல் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். அதன்பின் அரசர் பத்மநாபதாசர் எனப்பட்டனர். அரச குடும்பத்து ஆண்குழந்தையைக் கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் கிடத்தி இறைவனிடம் ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு. இவ்வாறு ராம வர்மா என்பது குடியின் பெயராகவும், பத்மநாபதாசன் என்பது அடிமையின் பெயராகவும், குலசேகரப் பெருமாள் என்பது அரியணையின் பெயராகவும் அமைந்தன. சுல்தான், ஷம்ஷேர் ஜங் முதலிய பாரசீக வழிப் பட்டங்களும் இவற்றோடு சேர்ந்தன. இத்துணைப் பெயர்களுக்கு இடையில் அம்மனிதருக்கு மட்டும் உரியதாக எஞ்சியது பிறந்த நாளின் பெயர் ஒன்றே.

ஆனால் அப்பெயரையும் அவர் தம் பாடல்களில் வைக்கவில்லை. பத்மநாபன், அதே பொருள் தரும் பங்கஜநாபன், ஜலஜநாபன், சரசிஜநாபன் என இறைவன் பெயர்களையே முத்திரையாக அமைத்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவர் அவையில் விளங்கினார். 1834இல் அவருக்கு அரசர் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இத்தகைய அவையில் உருவான இசைச் செல்வம், அரசர் 1846இல் முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தபின் முழுமையாகப் பேணப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அப்பாடல்களைத் தொகுத்துச் செப்பம் செய்து பரப்பினர். 1980களில் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் சுவாதித் திருநாள் பாடல் இயற்றினார் என்பதையே மறுத்து விவாதம் எழுப்பினார். இசை அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவ்விவாதம் ஓர் உண்மையை உணர்த்துகிறது. தம் பெயரை இறைவன் பெயருள் மறைத்த ஒருவருக்குப் பிற்காலத்தில் பிறர் சான்று தேட வேண்டியதாயிற்று. பணிவு என அவர் கருதியது, வரலாற்றில் ஐயத்திற்கு இடமளித்தது.

ஒளிக்கப்படும் நாளும் வெளிப்படும் நாளும்

தமிழ்நாட்டில் ரோகிணி, ரேவதி, சுவாதி, சித்ரா என்பன பெண்களுக்கு இயல்பாக வழங்கும் பெயர்கள். மணிமேகலையில் வரும் ஆதிரையும் விண்மீன் பெயரினளே. ஆடவர் விண்மீன் பெயரை அவ்வாறே தாங்குவது அரிது. ஆயில்யம், மூலம் என்பன இருபாலாருக்கும் பெயராவதில்லை. திருமணப் பொருத்தம் பார்க்குங்கால் இந்நாள்களைக் குடும்பங்கள் அஞ்சுவதும் மறைப்பதும் உண்டு. ‘ஆண்மூலம் அரசாளும், பெண்மூலம் நிர்மூலம்’ என்னும் பழமொழி பல பெண்களின் வாழ்வைத் துன்புறுத்தியுள்ளது.

திருவிதாங்கூரில் இந்நாள்கள் மறைக்கப்படவில்லை. ஆணைகளிலும் அவைகளிலும் வெளிப்படையாகப் பொறிக்கப்பட்டன. மூலம் திருநாள் முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆண்டார். 1888இல் சட்டமன்றத்தையும் 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையையும் அமைத்தார். பழமொழியின் முற்பகுதிக்கு இவரைச் சான்றாகக் காட்டுவோர், அதே குடும்பத்தில் ஆயில்யத்தில் பிறந்த கௌரி லட்சுமி பாய் 1810 முதல் ஆட்சி நடத்தியதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அஞ்சத்தக்கது எனப்பட்ட நாள் ஓர் அரசியின் பெயராகவே விளங்கியது. நாளில் தீமை இல்லை. அதனைக் காணும் கண்ணிலேயே உள்ளது என்பதற்கு இது தக்க சான்று.

நாண்மங்கலமும் 1936உம்

அரசன் பிறந்த நாளில் சினம் நீக்கி அருள் செய்தலைத் தொல்காப்பியம் பெருமங்கலம் என்னும் துறையாகக் கூறும். புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாண்மங்கலம் என்னும். விண்மீன் பெயரே அரசனின் பெயராக அமைந்த நாட்டில் பிறந்தநாள் என்பது பெயரின் நாளாகவும் ஆகிறது.

சித்திரைத் திருநாள் பாலராம வர்மா 1912 நவம்பர் 7 அன்று பிறந்தார். கோயில் நுழைவுப் பிரகடனம் அவர் பிறந்தநாளை ஒட்டி 1936 நவம்பர் 12 அன்று வெளியிடப்பட்டது. ஐந்து நாள் வேறுபாட்டிற்குக் காரணம் விண்மீன் கணக்கு. ஐப்பசித் திங்களில் சித்திரை நாள் ஆண்டுதோறும் வேறு வேறு தேதிகளில் வரும். தாழ்த்தப்பட்டோர் நடத்திய நீண்ட போராட்டங்களின் விளைவே அப்பிரகடனம். அரசரின் அருள் மட்டும் அன்று. வைக்கம் போராட்டம் (1924–1925) அதற்கு முன்னோடியாய் அமைந்தது; அதில் தந்தை பெரியார் சிறை சென்றார். ஆயினும் அறிவிப்புக்குத் தேர்ந்த நாள் நாண்மங்கல மரபை நினைவூட்டுகிறது. அதுவரை தனியொருவரின் பெயராக இருந்த ஒரு விண்மீன், அன்று முதல் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பல்லாயிரவரின் நாளாகவும் ஆயிற்று.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. திருவிதாங்கூர் அரசரின் விண்மீன் பெயர், குடிப்பெயர் மீண்டும் மீண்டும் இடப்பட்ட சூழலில் தனிமனிதனைப் பிரித்தறியும் தேவையால் நிலைபெற்றது. ‘திருநாள்’ என்னும் சொல் நாள் என்பதன் பழந்தமிழ்ப் பொருளைக் காத்து வருகிறது. பிறப்பு தந்த பெயர் தானாக எவரையும் நிலைநிறுத்தவில்லை. அதனைத் தாங்கியோர் செயலே அதற்குப் பொருள் தந்தது.

இன்று கிழக்கேகோட்டையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் பேருந்தில் ஏறுவோர் ‘ஸ்ரீசித்ரா’ என்றும் ‘எஸ்.ஏ.டி.’ என்றும் கேட்டு இறங்குகின்றனர். எஸ்.ஏ.டி. என்பது ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. அந்த அவிட்டம் 1798இல் அரியணை ஏறிய பாலராம வர்மா அல்லர். ஆறு வயதில் நோயால் மறைந்த அரச குடும்பத்துச் சிறுவர். ஆட்சி செய்யாத, வளர்ந்து ஆளாகாத அப்பிள்ளையின் பெயர் மூன்று எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. எனினும் நோயுற்ற குழந்தையைத் தோளில் சுமந்து வரும் தாய்மார் நாள்தோறும் முதலில் சொல்லும் பெயர் அதுவே.