விதியை நம்பியோரும் விண்மீனை நம்பியோரும்



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒன்று அவருடைய மகளின் பெயர். மற்றொன்று அவளுக்குப் பேசி முடித்திருந்த மணமகனின் பெயர். மாப்பிள்ளை வீட்டார் யாரோ ஒருவரிடம் சென்று, இரு பெயர்களின் எழுத்துகளுக்கும் எண் கூட்டிப் பார்த்தார்களாம். பொருத்தம் இல்லை, மீறி நிக்காஹ் செய்தால் வீட்டில் மவுத்து நேரும் என்று அவர் சொல்லிவிட்டாராம். "ஹஜ்ரத்! நீங்களும் ஒருமுறை கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். பொருந்துகிறது என்று உங்கள் வாயால் வந்துவிட்டால் அவர்கள் ஒப்புக்கொள்வார்கள்" என்றார்.

அதே வாரம் நோயாளி ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தேன். சர்க்கரை நோயினால் காலில் புண் வைத்திருந்தது. மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டதற்கு, "எழுதியபடிதானே நடக்கும் ஹஜ்ரத்! தக்தீரை யார் மாற்ற முடியும்?" என்றார்.

முதலாமவர் எழுதப்பட்டதை முன்கூட்டியே படித்துவிட விரும்பினார். இரண்டாமவர் எழுதப்பட்டதைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டார். இவ்விரு பிழைகளும் நம் காலத்தில் தோன்றியவை அல்ல. நம் முன்னோர்கள் இவற்றை எவ்வாறு எதிர்கொண்டார்கள், தவறியவர்கள் எங்கே தவறினார்கள் என்பதை வரலாற்றின் துணைகொண்டு சற்று நோக்குவோம்.

மதீனாவில் மறைந்த சூரியன்

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கும் அன்னை மாரியா (ரலி) அவர்களுக்கும் பிறந்த இப்ராஹீம் என்னும் குழந்தை, பால் குடிக்கும் பருவத்திலேயே இறந்துபோனது. அதே நாளில் சூரிய கிரகணமும் ஏற்பட்டது. வானியல் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27 என்பர். நபியின் மகன் மறைந்ததால்தான் சூரியனும் ஒளி இழந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! மகனை மண்ணில் வைத்துத் துயருற்றிருந்த அந்நாளில் நபியவர்கள் மௌனமாக இருந்திருந்தாலே போதும், அந்த நம்பிக்கை மக்கள் மனத்தில் வேரூன்றியிருக்கும். ஆனால் அவர்கள் கிரகணத் தொழுகையை நடத்தி முடித்ததும் மக்களை நோக்கிப் பேசினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். தம் சொந்தத் துக்கத்தைக்கூட ஒரு பொய்யான நம்பிக்கைக்கு ஆதாரமாக விட்டுவைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

நாள் பார்க்கும் வழக்கத்தையும் அவர்கள் இவ்வாறே களைந்தார்கள். அக்கால அரபிகள் ஷவ்வால் மாதத்தில் திருமணம் செய்வதைத் தீய சகுனமாகக் கருதினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திருமணமோ அந்த ஷவ்வாலிலேயே நடந்தது. தம் குடும்பப் பெண்களுக்கு ஷவ்வாலில் மணம் நடப்பதையே அன்னையவர்கள் பின்னாளில் விரும்பினார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஸஃபர் மாதம் பீடை என்ற எண்ணத்தையும் நபியவர்கள் மறுத்துரைத்தார்கள். அப்படியிருக்க, இன்றும் ஸஃபர் வந்துவிட்டால் நல்ல காரியங்களை ஒத்திவைப்பதும், ஒடுக்கத்துப் புதனன்று பீடை கழிப்பதும், பால்கிதாப் பார்ப்பதும் நம் வீடுகளில் எங்கிருந்து வந்தன?

ஸர்ஃ என்னும் இடத்தில்

கலீபா உமர் (ரலி) அவர்கள் படையினருடன் ஷாம் நாட்டை நோக்கிப் பயணமானார்கள். ஹிஜாஸின் எல்லையை ஒட்டிய ஸர்ஃ என்னுமிடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளைநோய் பரவியுள்ள செய்தி வந்தது. ஃபலஸ்தீனத்தின் அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் வரலாற்றில் அறியப்படும் கொள்ளைநோய் அது. ஹிஜ்ரி 18-இல் (கி.பி. 639) ஆயிரக்கணக்கான உயிர்களை அது கொண்டுசென்றது.

உமர் (ரலி) அவர்கள் முதலில் முஹாஜிர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். பின்னர் அன்சாரிகளிடம் கேட்டார்கள். இரு சாராரிடமும் ஒருமித்த கருத்து இல்லை. இறுதியாகக் குறைஷிகளில் மூத்தவர்களை அழைத்தார்கள். திரும்பிச் செல்வதே நலம் என்று அவர்கள் ஒரே குரலில் கூறினர். மறுநாள் காலையில் மதீனாவுக்குத் திரும்புவதாகக் கலீபா அறிவித்தார்கள்.

அப்போது படைத்தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பி ஓடுவதா என்று கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஓர் உவமையையும் சொன்னார்கள். பள்ளத்தாக்கின் ஒரு புறம் செழிப்பாகவும் மறுபுறம் வறண்டும் கிடக்கிறது. ஒட்டகத்தைச் செழிப்பான பக்கம் மேய்த்தாலும் வறண்ட பக்கம் மேய்த்தாலும் இரண்டுமே விதிப்படிதான் நடக்கும். ஆயினும் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதை மேய்ப்பவன்தானே தேர்ந்தெடுக்கிறான்!

அதுவரை வேறு அலுவலாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அவ்வேளையில் வந்துசேர்ந்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிகளாரின் கட்டளையைத் தாம் கேட்டிருப்பதாக அவர்கள் அறிவித்தார்கள். கலீபா அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். தம் மக்களுடன் ஷாமிலேயே தங்கிய அபூ உபைதா (ரலி) அவர்கள் அந்நோயில் உயிர்நீத்தார்கள். 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவி, பள்ளிவாசல் கதவுகளும் மூடப்பட்ட நாட்களில் இந்நிகழ்ச்சியை எத்தனை முறை நினைவுகூர்ந்தோம்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸர்ஃ என்னுமிடத்தில் நாளை என்ன நடக்கும் என்று எவரும் குறி கேட்கவில்லை. கிடைத்த செய்தியை ஆராய்ந்தார்கள், அறிந்தோரிடம் கலந்தார்கள், முடிவெடுத்தார்கள், முடிவின் விளைவை அல்லாஹ்விடம் விட்டார்கள். விதியை நம்புவது என்பதன் பொருள் இதுவே.

இரு தீவிரங்களும் நடுவழியும்

சஹாபாக்களின் காலம் முடிவுறும் வேளையில், பஸ்ராவில் மஃபத் அல்ஜுஹனீ என்பவர் விதி என ஒன்றில்லை, மனிதன் செய்வதே நடக்கிறது என்று பேசத் தொடங்கினார். இச்செய்தி அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்களை எட்டியதும், அத்தகையோருடன் தமக்குத் தொடர்பில்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். இக்கொள்கையினர் கதரிய்யாக்கள் எனப்பட்டனர். இதற்கு நேர்மாறாக ஜஹ்ம் பின் ஸஃப்வான் (இறப்பு ஹிஜ்ரி 128) போன்றோர், காற்றில் அசையும் இலையைப் போன்றவனே மனிதன், அவனுக்கென்று எந்தத் தேர்வும் இல்லை என்றனர். இவர்கள் ஜபரிய்யாக்கள். முதல் கொள்கை அல்லாஹ்வின் ஆற்றலைக் குறைத்தது. இரண்டாவது கொள்கையோ அநீதி இழைப்பவனுக்குச் சாக்குச் சொல்லிக் கொடுத்தது.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், பஸ்ராவில் பிறந்த இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) அவர்களும், சமர்கந்தின் இமாம் அபூ மன்சூர் அல்மாதுரீதீ (ரஹ்) அவர்களும் நடுவழியை விளக்கினார்கள். தமிழகத்தில் வாழும் ஷாஃபிஈகளும் ஹனஃபீகளும் கொள்கையில் இவ்விரு இமாம்களையே பின்பற்றி வருகிறோம். செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதைத் தேர்ந்து தனதாக்கிக் கொள்பவன் அடியான். இவ்வாறு தனதாக்கிக் கொள்வதை அறிஞர்கள் 'கஸ்பு' என்றனர். காய்ச்சலில் நடுங்கும் கையும், பிறரை அடிக்க ஓங்கும் கையும் அசைவில் ஒன்றுபோலத் தோன்றலாம். நடுங்கிய கைக்காக எவரையும் நாம் குற்றம் சாட்டுவதில்லை. ஓங்கிய கைக்கு மறுமையில் கேள்வி உண்டு. நம்மில் எவருக்குத்தான் இந்த வேறுபாடு தெரியாது?

நேரம் பார்த்துக் கட்டிய நகரம்

ஜோதிடத்தை நம்பியவர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்களிலேயே இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்பாஸிய கலீபா மன்சூர் பக்தாது நகரை நிறுவ முடிவு செய்தபோது நவ்பக்த், மாஷா அல்லாஹ் முதலிய ஜோதிடர்களை அழைத்து நேரம் குறித்தார். கி.பி. 762 ஜூலை 30-இல் அவர்கள் குறித்த நேரத்தில் அடித்தளம் இடப்பட்டது. இந்நகரில் எந்தக் கலீபாவும் இறக்கமாட்டார் என்றும் அவர்கள் கணித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

நடந்தது என்ன? 813-இல் மன்சூரின் கொள்ளுப்பேரனான கலீபா அமீன், தம் சகோதரர் மஃமூனின் படைகள் சூழ்ந்துகொள்ள, அதே பக்தாதில் கொல்லப்பட்டார். 1258-இல் மங்கோலியரான ஹுலாகூ நகரை முற்றுகையிட வந்தபோது, ஹுஸாமுத்தீன் என்ற ஜோதிடர் அவனை எச்சரித்தார். பக்தாதைத் தாக்கினால் சூரியன் உதிக்காது, மழை பெய்யாது, குதிரைகள் மடியும் என்றார். இதற்கு முன்பும் கலீபாக்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள், உலகம் அழிந்துவிடவில்லையே என்று வானியல் அறிஞர் நஸீருத்தீன் தூஸீ சுட்டிக்காட்டினார். நகரம் வீழ்ந்தது. கலீபா முஸ்தஃஸிம் கொல்லப்பட்டார். எண்ணற்ற மக்கள் வெட்டப்பட்டனர். மறுநாளும் சூரியன் உதிக்கத்தான் செய்தது. கட்டும்போது சொன்ன குறியும் காக்கவில்லை, அழிக்கும்போது சொன்ன குறியும் காக்கவில்லை.

வராத புயல்

1186 செப்டம்பரில் (ஹிஜ்ரி 582) கோள்கள் துலாம் ராசியில் ஒன்றுகூடின. கொடிய சூறாவளி வீசும், ஊர்கள் அழியும் என்று பல நாட்டு ஜோதிடர்களும் முன்னரே அறிவித்திருந்தனர். அச்சமுற்ற மக்கள் பல இடங்களில் நிலத்தைக் குடைந்து, தண்ணீரும் உணவும் சேமித்து ஒளிந்துகொள்ள ஆயத்தமாயினர்.

அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் (ரஹ்) அவர்கள் நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் காற்றே வீசவில்லை. கோதுமையும் வாற்கோதுமையும் தூற்றுவதற்குக் காற்றின்றி உழவர்கள் காத்துக் கிடந்தார்கள். குறித்த இரவில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களுடன் அமர்ந்திருந்த அவருடைய செயலாளர் இமாதுத்தீன், ஏற்றி வைத்த மெழுகுவத்திகளின் சுடரை அசைக்கவும் காற்றில்லை என்று எழுதியுள்ளார்.

ஓராண்டுகூட முழுமையாகக் கழியவில்லை. 1187 ஜூலை 4-இல் ஹித்தீன் போர்க்களத்தில் அதே சுல்தான் வெற்றி பெற்றார். அக்டோபர் 2-இல் பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களின் கைக்கு மீண்டது. அழிவு வரும் என்று குழி வெட்டியவர்களும் அந்த ஆண்டில் வாழ்ந்தார்கள். படை திரட்டியவர்களும் அதே ஆண்டில்தான் வாழ்ந்தார்கள்.

வானத்தைப் பார்ப்பதை இஸ்லாம் தடுத்ததா? ஒருபோதும் இல்லை. டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பணியில் இருந்த இப்னு ஷாத்திர் (ரஹ்) அவர்கள், 1371-இல் அப்பள்ளியின் மினாராவில் சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார்கள். பிறையும் கிப்லாவும் தொழுகை நேரங்களும் வானியலின் துணையால் அறியப்படுபவையே. நட்சத்திரம் நமக்கு வழி காட்டலாம். நம் வாழ்வை ஆளும் அதிகாரம் அதற்கில்லை. நாளை ஓர் ஆன்மா எதைச் சம்பாதிக்கும், எந்த மண்ணில் இறக்கும் என்ற அறிவு அல்லாஹ்விடமே உள்ளதாகத் திருக்குர்ஆனின் லுக்மான் அத்தியாயம் (31:34) தெளிவுறக் கூறுகிறது.

மடித்த தாள்

இனி அந்தத் தந்தையின் கதைக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், 'பொருந்துகிறது' என்று ஒரு சொல் சொல்லிவிடலாமா என்று என் மனமும் ஒரு கணம் தடுமாறியது. ஒரு பெண்ணின் வாழ்வு அல்லவா? ஆனால் நான் அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்குக்கு மிம்பரின் முத்திரையைக் குத்தியவன் ஆகியிருப்பேன். அடுத்த பெண்ணுக்கு அதே கணக்கு பொருந்தாமல் போகும்போது அவளுடைய தந்தைக்கு நான் என்ன சொல்வேன்?

தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். பையனின் மார்க்கப்பற்றையும் குணத்தையும் விசாரியுங்கள், இஸ்திகாராத் தொழுது அல்லாஹ்விடம் கேளுங்கள் என்றேன். அன்று அஸருக்குப் பின் அவருடன் மாப்பிள்ளை வீட்டுக்கும் சென்றேன். ஷவ்வால் மாதத்து நிக்காஹ் பற்றியும், கிரகணத்தன்று நபியவர்கள் கூறியது பற்றியும் எடுத்துரைத்தேன். பையனின் பாட்டியார் கண் கலங்கினார். யோசித்துச் சொல்வதாகக் கூறினார்கள். இதை எழுதும் வரை அவர்களிடமிருந்து விடை வரவில்லை.

காலில் புண் வைத்திருந்தவரிடம் ஸர்ஃ நிகழ்ச்சியைச் சொன்னேன். "மருந்தும் அவன் விதித்ததுதான், எந்தப் பக்கம் ஒட்டகத்தை ஓட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். மறுநாள் அவருடைய மகன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அல்ஹம்து லில்லாஹ், கால் தப்பியது.

அன்பர்களே! எழுதப்பட்டது எது என்று நமக்குக் காட்டப்படவில்லை. நம் முன் கிடக்கும் பள்ளத்தாக்கு மட்டும் தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது. ஒட்டகத்தின் கயிறும் நம் கையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் திருமணப் பேச்சில் இனி எவரேனும் எண் கூட்டிய தாளை நீட்டினால், அதை வாங்காதீர்கள்.

வல்ல அல்லாஹ் விதியின் மீது உறுதியான ஈமானையும், நற்செயல்களில் தளராத முயற்சியையும் நம் அனைவருக்கும் வழங்கி அருள்வானாக! ஆமீன்.